ஜெபம் வராத காலத்தில் விசுவாசத்தில் ஆறுதல் தேடுவது எப்படி?

மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து ஒரு ரீச்சர் கேட்டிருப்பதன் சுருக்கம்: கணவர் இறந்து எட்டு மாதம். மகன் ரொறன்ரோவுக்குப் போய்விட்டார். மகளுக்கு வருகிற வருடம் கலியாணம். நம் ஊர் வழக்கப்படி இருக்கிற வீடு மகளுக்குப் போகும், தாய் பின்வளவில் கட்டுகிற சின்ன வீட்டுக்குப் போகவேண்டும். இன்னும் சில மாதத்தில் பென்சன். பிறந்தது மெதடிஸ்த குடும்பம், கலியாணத்துக்குப் பிறகு கத்தோலிக்கக் கோயில். "பூசைக்குப் போகிறேன், இருக்கிறேன், வருகிறேன். வீட்டில் முழங்காலில் நின்றால் ஒரு சொல்லும் வருவதில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?"

போகவில்லை ரீச்சர். துக்கத்தில் முதலில் கெடுவது நித்திரை, இரண்டாவது பசி, மூன்றாவது ஜெபம். மூன்றும் கெடுவது ஒரே காரணத்தால்தான். பவுல் ரோமருக்கு எழுதும்போது (8:26) எப்படி வேண்டிக்கொள்வது என்று தெரியாத நிலை வரும் என்பதை ஏற்றுக்கொண்டே எழுதுகிறார். அப்போது ஆவியானவரே பெருமூச்சுகளோடு நமக்காகப் பரிந்து பேசுவார் என்கிறார். சொல் வராமல் விடுகிற பெருமூச்சும் ஜெபக் கணக்கில்தான் சேரும்.

உங்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்தக் காலத்துக்குச் சொந்தச் சொல் தேடி அலையாதீர்கள். சொல் வராதவர்களுக்காகவே இஸ்ரவேலரும் திருச்சபையும் மூவாயிரம் வருடமாகச் சேர்த்துவைத்த சொற்கள் இருக்கின்றன. அதை எடுத்து, நேரம் குறித்து, வாய்விட்டு வாசியுங்கள். மனம் பிறகு வந்து சேரும். சில நாள் வராது, அதுவும் பரவாயில்லை.

150 சங்கீதத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். ஆனால் நம் வீடுகளில் சுவரில் தொங்குவது 23, வாயில் வருவது 91. மற்றவை தூசி பிடித்துக் கிடக்கின்றன. நாளுக்கு ஒன்றாக ஏழு சங்கீதம் எடுங்கள். திங்கள் 121, செவ்வாய் 13, புதன் 42, வியாழன் 77, வெள்ளி 22, சனி 88, ஞாயிறு 30. அடுத்த கிழமையும் இதே ஏழு. ஆறு கிழமைக்கு மாற்றவேண்டாம். கிழமை பார்த்துத்தான் இந்த ஒழுங்கு. வெள்ளி 22, ஏனென்றால் சிலுவையில் இயேசு எடுத்துச் சொன்னது அதன் முதல் வரி. சனி 88, அவர் கல்லறையில் கிடந்த நாள். கடைசி வசனம்வரை விடிவே இல்லாத சங்கீதம் அது. அப்படியொன்றை வேதத்தில் வைத்திருப்பதே பெரிய ஆறுதல் என்பது என் எண்ணம். ஞாயிறு 30, இரவு அழுகை தங்கினாலும் விடியலில் மகிழ்ச்சி வரும் என்று சொல்வது. 88ஐ மட்டும் இரவில் தனியே இருந்து வாசிக்கவேண்டாம். பகல் வெளிச்சத்தில், வீட்டில் ஆள் இருக்கும்போது வாசியுங்கள்.

ஒரே கதிரை, ஒரே நேரம், பத்து நிமிடம். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய உங்கள் குரலில், சத்தமாக. மனதுக்குள் வாசித்தால் இரண்டாவது வரியில் எண்ணம் வேறெங்கோ போய்விடும். வாய் வேலை செய்தால் அவ்வளவு சுலபமாகப் போகாது. வருடத்தில் முழு வேதாகமத்தையும் முடிக்கும் அட்டவணையை இப்போது தொடவேண்டாம். நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் என்று தொடங்கி, பத்தாம் நாள் பிந்தி, பதினைந்தாம் நாள் குற்ற உணர்வோடு மூடிவைப்பதுதான் வழக்கமாக நடப்பது. ஏற்கெனவே பாரம் சுமப்பவருக்கு அது இன்னொரு கடன். செபமாலையும் அப்படித்தான். ஐந்து தேவரகசியமும் முடியாவிட்டால் ஒன்று போதும். ஒரு பரலோக மந்திரம், பத்து அருள்நிறை மந்திரம், ஒரு திரித்துவப் புகழ், நாலைந்து நிமிடம்.

ஒரு சின்னச் சிக்கல். உங்கள் மாமியார் காலத்துப் பழைய கத்தோலிக்கச் செபப் புத்தகம் வீட்டில் இருந்தால் அதில் எண்கள் ஒன்று குறைவாக வரலாம். 130ஆம் சங்கீதம் அங்கே 129. பழைய இலத்தீன் வேதத்தின் எண் வரிசை அது. 1995இல் வந்த திருவிவிலியத்திலும் மெதடிஸ்தப் பக்கத்துப் பழைய வேதாகமத்திலும் எண் ஒரேமாதிரித்தான்.

வாசிக்க மட்டுமல்லாமல் எழுதவும் முடிந்தால் 13ஐ எடுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டில் சங்கீதக்காரன் நாலுதரம் "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். அடுத்த இரண்டில் ஒன்றைக் கேட்டு மன்றாடுகிறான். கடைசி இரண்டில்தான் நம்பிக்கை. ஒரு பழைய கொப்பியில் அதே அளவில் எழுதுங்கள்: முதலில் "எதுவரைக்கும்" என்று தொடங்கும் நாலு வரி, பிறகு கேட்க வேண்டிய ஒன்று, பிறகு முடிந்தால் நம்பிக்கையாக ஒரு வரி. "எதுவரைக்கும் நான் இரண்டு கோப்பையை எடுத்துவிட்டு ஒன்றைத் திருப்பி வைப்பேன்" என்று எழுதினால் அது நல்ல வரி. "எதுவரைக்கும் துன்பப்படுவேன்" என்பது பொதுவான வரி, அதால் பாரம் இறங்காது. கேட்பதும் அப்படியே குறிப்பாக இருக்கட்டும். "சமாதானம் தாரும்" என்பதைவிட "இண்டைக்கு இரவு நாலு மணித்தியாலம் நித்திரை தாரும்" என்பது மேல்.

இதில் எல்லாரும் விடுகிற பிழை, நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவுவது. முறைப்பாட்டைச் சொல்வது அவிசுவாசம் என்று நமக்கு எப்படியோ பழக்கிவிட்டார்கள். அதனால் "ஸ்தோத்திரம்" என்று தொடங்கி "ஸ்தோத்திரம்" என்று முடித்துவிட்டு, எழுதாமல் விட்டதையெல்லாம் படுக்கைக்குக் கொண்டுபோகிறோம். நம்பிக்கை வரி வராத நாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். 77ஆம் சங்கீதக்காரனும் கண்ணிமை மூடவிடாமல் பிடித்திருக்கிறீர், பேசவும் முடியவில்லை என்று கடவுளிடமே குறை சொல்லிவிட்டுத்தான், பாதிக்குப் பிறகு பழைய காலத்து அதிசயங்களை நினைக்கிறான்.

சாப்பாட்டைப் பற்றி. 1 இராஜாக்கள் 19இல் எலியா சூரைச்செடியின் கீழே கிடந்து போதும், சாகிறேன் என்கிறான். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. தணலில் சுட்ட அப்பமும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்து, நித்திரை கொள்ளவிட்டு, மறுபடி எழுப்பி இன்னொருதரம் சாப்பிடச் சொன்னான். கடவுள் பேசியது அதற்குப் பிறகுதான். தனியே இருக்கும் பெண்கள் பாணும் பிளேன்ரீயுமாக மாதக்கணக்கில் ஓட்டுவதுண்டு. ஒருவருக்காகச் சோறு வடிக்க மனம் வராது. கிழமையில் இரண்டு நாளாவது இன்னொருவரோடு இருந்து சாப்பிடுங்கள். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு யாரும் கூப்பிட்டால், நீரிழிவுக்கு இன்சுலினோ குளிசையோ எடுப்பவர் சாப்பாட்டை விடக்கூடாது. சீனி இறங்கி மயங்கி விழுந்தால் அது பக்தி ஆகாது. அன்று தொலைபேசியை விட்டுவிடலாம், தொலைக்காட்சியை விடலாம், அதுவும் உபவாசம்தான்.

துக்கத்துக்கும் நோய்க்கும் எல்லை உண்டு. இரண்டு கிழமைக்குமேல் தொடர்ந்து நித்திரையில்லை, எடை இறங்குகிறது, எதிலும் ஒட்டுதல் இல்லை, அல்லது செத்தால் நல்லது என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சங்கீதம் மட்டும் போதாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. சாகும் எண்ணம் வந்தால் இரண்டு கிழமை பார்க்கவேண்டாம், அன்றே அந்த இலக்கத்துக்கு எடுங்கள். ஜெபித்துவிட்டோம், இனிக் குளிசை வேண்டாம் என்று சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்கவேண்டாம். உளவளத்துணையும் விசுவாசமும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நம் பகுதியின் திருச்சபை நினைத்ததில்லை. 1996இல் மட்டக்களப்பில் போரில் அடிபட்ட பிள்ளைகளுக்காக வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கியவர்களில் ஒருவர் இயேசு சபைக் குரு போல் சற்குணநாயகம் அடிகள்.

இனி ஆட்கள். ஆரோனுக்கும் மோசேக்கும் இஸ்ரவேலர் 30 நாள் துக்கம் கொண்டாடினார்கள். நம்மிடமும் 31ஆம் நாளோடு பந்தல் கழற்றியாகிவிடும், கதிரை திரும்பப் போய்விடும். உண்மையான பாரம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். எட்டாம் மாதத்தில் யாரும் கேட்பதில்லை. இதற்கு ஊரைக் கோபித்துப் பயனில்லை, கேட்டுத்தான் வாங்கவேண்டும். "எனக்காக ஜெபியுங்கோ" என்றால் எல்லாரும் ஓம் என்பார்கள், அவ்வளவுதான். "செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐந்துக்கு வந்து அரை மணித்தியாலம் இருங்கோ அக்கா, ஒரு சங்கீதம் வாசித்துப்போட்டுத் தேத்தண்ணி குடிப்பம்" என்று கேளுங்கள். அன்பியத்தில் (கோயிலின் அயல்வீட்டு ஜெபக் குழுவில்) ஒருவர், மெதடிஸ்தப் பக்கத்து உறவில் ஒருவர் என்று இரண்டு பேர் போதும். ஆறு கிழமைக்கு என்று கணக்குச் சொல்லிக் கேட்டால் மறுக்கமாட்டார்கள். முடிவில்லாத கடமைக்குத்தான் ஆட்கள் பயப்படுவது.

வருபவர் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு யோபுவின் நண்பர்களே பாடம். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் கூட இருந்தார்கள். அந்த ஏழு நாளும் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. கடைசி அதிகாரத்தில் கடவுள் கோபித்தது யோபுவை அல்ல, காரணம் சொன்னவர்களை. உங்களிடமும் வந்து "எல்லாம் நன்மைக்கு", "கர்த்தருடைய சித்தம்" என்பார்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை. "அது விளங்கக் கொஞ்சக் காலம் வேணும், இப்ப சும்மா இருங்கோ" என்றால் போதும். ஆனால் வீட்டில் ஏதோ பாவம் இருந்ததால்தான் சாவு வந்தது என்று ஒருவர் தீர்க்கதரிசனம் சொன்னால் அப்படியே விடக்கூடாது. லூக்கா 13இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த 18 பேரைப் பற்றி, அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று இயேசுவே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். 2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு நாவலடியிலும் கல்முனையிலும் இதே பேச்சைக் கேட்டு நொந்தவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் கூடுதலான உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். அவர்கள் கூடுதலாகப் பாவம் செய்தவர்களா? அந்த வசனத்தைக் காட்டுங்கள்.

யோவான் 11ஐயும் ஒருதரம் நிதானமாகப் பாருங்கள். மார்த்தாளும் மரியாளும் சொல்வது ஒரே வசனம்: நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் மரித்திருக்கமாட்டான். மார்த்தாளுக்கு இயேசு விளக்கம் சொன்னார், மரியாளோடு கண்ணீர் விட்டார். ஆளுக்கு ஆள் தேவை வேறு. உங்களுக்கு இப்போது எது தேவை என்பதைப் பாதரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், அவர் அரை மணித்தியாலம் மறுவாழ்வைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க மாட்டார்.

கோயிலில் நீங்கள் இருவரும் இருந்த அதே வாங்கில் இருக்கமுடியாவிட்டால் இடத்தை மாற்றுங்கள். சிலர் பழைய இடத்தில் இருந்தால்தான் ஆறுதல் என்பார்கள், சிலருக்கு அது கத்தி. மாதந்தோறும் அவர் இறந்த திகதியில் பூசை ஒப்புக்கொடுக்க, வருடத் தொடக்கத்திலேயே கோயில் காரியாலயத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மாதமும் போய் எழுதுவதே ஒரு சுமை, திகதியும் நிரம்பிவிடும்.

பெருநாட்கள்தான் மிகக் கடினம், இந்த மாவட்டங்களில் இன்னும் கடினம். கடற்கோள் வந்தது நத்தாருக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் நம் நடுவில் இருக்கின்றன. ஆகவே பெருநாள் உடுப்போடு அழுகிறவர் நீங்கள் ஒருவர் மட்டும் அல்ல. இந்த வருடம் நத்தாருக்கு என்ன செய்வது, எதை விடுவது என்று நவம்பர் கடைசிக்குள் மகளோடு இருந்து தீர்மானியுங்கள். பலகாரம் சுடவேண்டாம் என்றால் சுடவேண்டாம். ஆனால் நடுச்சாமப் பூசை, விடியற்பூசை இரண்டில் ஒன்றுக்கு யாரோடு போவது என்று முடிவு செய்துவிடுங்கள். தீர்மானிக்காமல் விட்டால் அந்த நாள் தானாக வந்து மேலே விழும்.

நவம்பர் 2 மரித்தவர்களின் நினைவு நாள். கல்லறையை ஒரு கிழமைக்கு முன்பே துப்புரவாக்கி வையுங்கள், மாரி தொடங்கிவிட்டால் புல் ஒரு கிழமையில் முழங்கால் உயரம். வெறும் மெழுகுதிரி அந்த மழையிலும் காற்றிலும் நில்லாது. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலுக்குள் கொஞ்சம் மணல் போட்டு, அதில் திரியை ஊன்றிக் கொளுத்தினால் நின்று எரியும். அமைதியாக நிற்கலாம் என்று போனவர் தீக்குச்சிப் பெட்டியோடு மல்லுக்கட்டிவிட்டு வருவது நல்லாயில்லை.

சொல்லாலும், ஓரிடத்தில் அமர்ந்தும் ஜெபிக்கமுடியாதவருக்கு நடை உதவும். ஆயித்தியமலைச் சதாசகாய அன்னை திருத்தலத் திருவிழாவுக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் கணிசமானோர் இப்படிப்பட்டவர்களே. அம்பாறைப் பக்கம் என்றால் சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயம், செப்டம்பர் 14. விடியுமுன் புறப்படுங்கள், தண்ணீர் எடுங்கள். நீரிழிவு இருந்தால் வெறுங்காலோடு நடக்கும் நேர்த்தி வைக்கவேண்டாம், கொதிக்கும் தாரில் பட்ட கொப்புளம் மாதக்கணக்கில் ஆறாது. நடக்கமுடியாவிட்டால் பஸ்ஸில் போய், கடைசி அரை மைல் நடந்தாலும் யாத்திரைதான்.

வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் சொல்லவேண்டும். வருடப்பிறப்பில் எடுக்கும் அட்டைகளில் அடிக்கடி வருவது எரேமியா 29:11, சமாதானத்துக்கான நினைவுகள், எதிர்பார்க்கும் முடிவு. நல்ல வசனம்தான். ஆனால் அது ஊரைவிட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தின் நடுவே இருக்கிறது. அதற்கு முதல் வசனம் 70 வருடம் என்கிறது. கடிதத்தின் தொடக்கம், அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போட்டு அதன் பலனைச் சாப்பிடுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்கிறது. சீக்கிரம் எல்லாம் பழையபடி ஆகும் என்ற வாக்கு அதில் இல்லை. அட்டையை நம்பி மார்ச் மாதத்தில் மனம் உடைபவர்களுக்கு, 4ஆம் வசனத்திலிருந்து 14வரை முழுதாக வாசித்துக் காட்டவேண்டும்.

உங்கள் பிறந்த சபையின் கதையே அப்படித்தானே. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த முதல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், வரும் வழியில் கப்பலிலேயே மனைவியை இழந்தவர். பாஷை தெரியாத ஊர், புதைக்கக்கூட நிலம் கிடைக்காத துக்கம். அந்த நிலையில் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார். மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அந்த வருடம்தான். அடுத்த வருடமே, 1815இல், அவரும் இங்கேயே இறந்துவிட்டார். துக்கம் தீர்ந்தபிறகு வேலை தொடங்க அவருக்குக் காலம் இருக்கவில்லை.

பென்சனுக்கும் அந்தப் பக்கத்திலேயே மருந்து இருக்கிறது. மெதடிஸ்த சபைகளில் வருடத் தொடக்கத்தில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனை, ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கியது. அந்த ஜெபத்தின் சாரம், என்னை வேலையில் வைத்தாலும் சரி, ஒதுக்கி வைத்தாலும் சரி, நிறைத்தாலும் சரி, வெறுமையாக்கினாலும் சரி, நான் உம்முடையவள் என்பது. முப்பது வருடம் ரீச்சர் என்று கூப்பிட்டவர்கள் கூப்பிடாமல் விடும் காலத்தை அந்த வரி நேராகத் தொடுகிறது. கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிறவர் என்பதற்காகத் தயங்கவேண்டாம், ஜனவரி முதல் ஞாயிறு உங்கள் அண்ணன் தம்பிமாரோடு போய் இருங்கள். ஓய்வுபெற்ற முதல் திங்கட்கிழமைக்கு மட்டும் காலையில் வெளியே போக ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பாடசாலை வகுப்பை உடனே தலையில் கட்டப் பார்ப்பார்கள். ஆறு மாதம் கழித்துச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

அந்த ஆறு மாதத்துக்குக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியை நடத்திய இயேசு சபைக் குருக்களின் ஸ்தாபகர் லொயோலா இஞ்ஞாசியார் வைத்த விதி: மனம் இருண்டிருக்கும்போது, முன்பு தெளிவாக எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. கணவரும் நீங்களும் சேர்ந்து முடிவு செய்ததை இப்போது மாற்றவேண்டாம். காணி விற்பது, மகனோடு போய்விடுவது எல்லாம் முதலாம் ஆண்டு நினைவு கழியட்டும். வீட்டை மகளுக்கு எழுதுவது முன்பே இருவரும் பேசியது, ஆகவே நடக்கலாம். ஆனால் நன்கொடை உறுதி எழுதும்போது உங்கள் சீவிய உரித்தை, அதாவது உயிரோடு இருக்கும்வரை உங்களுக்குள்ள உரிமையை, ஒதுக்கி எழுதும்படி நொத்தாரிசிடம் கேளுங்கள். மகளை நம்பாததால் அல்ல. மருமகனுக்குக் கடன் வந்தாலும், பிள்ளைகளுக்குள் மனத்தாங்கல் வந்தாலும் நீங்கள் இருக்க இடம் இருக்கவேண்டும். இதைக் கேட்பது விசுவாசக் குறைவு என்று நினைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். விதவைகளுக்குப் பங்கு சரியாகக் கிடைக்கவில்லை என்று முறைப்பாடு வந்தபோது, அப்போஸ்தலர் அதற்காகவே ஏழு பேரை நியமித்தார்கள் (அப்போஸ்தலர் 6). ஜெபம் மட்டும் செய்துகொண்டு இருக்கவில்லை.

வீடு மாறும் நாளுக்கு ஒரு சின்ன ஒழுங்கு. புது வீடு மந்திரிக்கப் பாதரைக் கூப்பிடுவோம், பழைய வீட்டைவிட்டுப் போக யாரும் ஒன்றும் செய்வதில்லை. சாமான் ஏற்றுமுன், மகளோடு அறை அறையாகப் போங்கள். ஒவ்வொரு அறையிலும் நின்று அங்கே நடந்த ஒன்றைச் சொல்லி நன்றி சொல்லுங்கள்: இந்தச் சன்னலடியில்தான் தம்பி எழுத்துக் கூட்டிப் படித்தான், இந்தக் கட்டிலில் அப்பா கடைசி மாதம் கிடந்தார். பாரமான அறையைத் தாண்டிப் போகவேண்டாம், அங்கேதான் கூட நேரம் நில்லுங்கள். ஒவ்வொரு அறையிலிருந்தும் ஒரு பொருள் மட்டும் எடுங்கள். யோசுவா 4இல் யோர்தானைக் கடந்தவர்கள் நடு ஆற்றிலிருந்து எடுத்தது 12 கல்தான், ஆற்றையே தூக்கிக்கொண்டு போகவில்லை. வாசற்படியில் 121இன் கடைசி வசனத்தை வாசியுங்கள், போக்கையும் வரத்தையும் காப்பார் என்பது. பின்வளவு வீட்டு வாசலில் அதே வசனத்தை மறுபடி. இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

மகன் தூரத்தில் இருக்கிறார் என்பதற்கும் அதே 121 உதவும். எட்டு வசனம், நீங்கள் நாலு, அவர் நாலு, வட்ஸ்அப்பில். நமக்குக் காலை ஆறு என்றால் ரொறன்ரோவில் முதல்நாள் இரவு எட்டரை, அங்கே குளிர்காலத்தில் ஏழரை. அவருக்கு வேலை முடிந்த நேரம், உங்களுக்கு விடிந்த நேரம். கிழமையில் இரண்டு நாள் போதும், மூன்று நிமிடம். நீளமாக்கினால் இரண்டாவது மாதத்தில் ஓவர்டைம் என்று சாட்டு வரும். அழைப்பைச் சுகநல விசாரிப்பில் தொடங்கவேண்டாம், தொடங்கினால் ஜெபம் கடைசிவரை வராது. முதலில் சங்கீதம், பிறகு கதை.

கடைசியாகக் கலியாணம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் இது வரும். விதவைத் தாய் முன்னுக்கு நிற்கக்கூடாது, ஆசீர்வாதம் பெரியம்மா செய்யட்டும் என்று ஒருவர் மெல்லச் சொல்வார். சொல்பவர் பெரும்பாலும் உங்கள் பக்கத்து மச்சாளாகவே இருப்பார். கிறிஸ்தவ ஒழுங்கில் இதற்கு ஒரு இடமும் இல்லை. விதவைகளைக் கனம்பண்ணு என்றுதான் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்டிருக்கிறது (1 தீமோத்தேயு 5:3). அன்று வாசலில் நின்று வாதாட உங்களுக்குத் தெம்பு இருக்காது, அதனால் முன்கூட்டியே செய்யுங்கள். ஓலை வாசிப்பதற்கு (கோயிலில் கலியாண அறிவித்தலுக்கு) பெயர் கொடுக்கப் போகும்போதே பாதரிடம், மகளைக் கைப்பிடித்துக் கூட்டிவருவது நான்தான் என்று சொல்லுங்கள். வழிபாட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகுமுன் வருகைப் பவனி என்ற இடத்தில் "மணமகளைத் தாயார் அழைத்துவருவார்" என்று போடவையுங்கள். மாப்பிள்ளை வீட்டுக்கும் அதில் ஒரு பிரதி ஒரு கிழமைக்கு முன்பே போகட்டும். அச்சில் வந்துவிட்டால் மச்சாளும் ஒன்றும் சொல்லமாட்டார்.